பாராட்டத் தெரிய வேண்டும்

பாராட்டு விழாக்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. பொன்னாடை போர்த்துகிறோம்; மாலை சூட்டுகிறோம்; கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடலை வாசித்தளிக்கிறோம். அம்மடலில் 'அயராத உழைப்பு', 'தன்னலமற்ற தொண்டு', 'பழகுதற்கினிய பண்பு' ஆகிய சொற்கள் தவறாமல் இடம் பெறுகின்றன. பெயரை மட்டும் மாற்றிவிட்டால், தபால் அதிகாரிக்கு எழுதிய மடல் தலைமையாசிரியருக்கும் பொருந்தும். தலைமையாசிரியருக்கு எழுதியது மின்வாரியப் பொறியாளருக்கும் பொருந்தும். எல்லார்க்கும் பொருந்துகின்ற புகழுரை உண்மையில் எவரையும் புகழவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒருவரைப் பாராட்ட வேண்டுமாயின் அவர் செய்தது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறிவதற்குச் சிறிது உழைப்புத் தேவைப்படும். அவ்வுழைப்பை மிச்சப்படுத்திக் கொள்ளவே ஆயத்தமாகக் கிடக்கும் சொற்களை நாடிச் செல்கிறோம்.

ஆசிரியரைப் பாராட்டுவது எளிது; அவருடைய மாணவர்கள் எதிரே நிற்கின்றனர். மருத்துவரைப் பாராட்டுவதும் எளிது, பிழைத்தெழுந்தவர்களே சாட்சி. பாலம் கட்டியவரின் பாலம் ஆற்றின் மேல் நிற்கிறது. ஆனால், ஒரு நகராட்சியின் கணிப்பொறிப் பிரிவில் அமர்ந்து, ஏடுகளையும் எண்களையும் ஒழுங்குபடுத்துகின்ற ஊழியரை எவ்வாறு பாராட்டுவது? அவருடைய வேலை செவ்வனே நடக்கும்போது எவரும் அதனைக் காண்பதில்லை. வரி இரசீது உடனே கிடைத்தால், அது கிடைக்க வேண்டிய முறையில் கிடைத்தது என்று வாங்கிக் கொண்டு போகிறோம். ஒரு நாள் எந்திரம் நின்றுவிட்டாலோ, வரிசையில் நிற்கின்ற அத்தனை பேரும் அவரைத்தான் ஏசுகிறார்கள். செம்மையாகச் செய்தால் மறைந்து போவதும், பிழைத்தால் மட்டும் வெளிப்படுவதும் இத்தொழிலின் தலைவிதி.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இக்குறையைப் போக்க ஒரு வழக்கம் உண்டு. நகர அரசின் ஊழியர் எண்ணிக்கை அங்கே ஏறத்தாழ மூன்று இலட்சம். அவர்களுள் மிகச் சிலரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, 'ஸ்லோன் பொதுப்பணி விருது' வழங்குகிறார்கள். 'நியூயார்க் நகர நிதியம்' என்னும் அறநிறுவனம் 1973ஆம் ஆண்டிலிருந்து இதனை நடத்தி வருகிறது. நகர அரசின் நோபல் பரிசு என்று அதனைச் சொல்வதும் உண்டு. இவ்விருதில் நம் மனத்தைக் கவர்ந்தது பணமுடிப்பன்று. அதனை வழங்குகின்ற பாங்கு. விருது பெறுபவர் நாள்தோறும் வேலை செய்யும் இடத்திற்கே சென்று, உடன் உழைப்பவர் முன்னிலையில் அவரைப் பாராட்டுகிறார்கள். அவர் பணியின் அருமையை அறிந்தவர் அவர்களே அல்லரோ! மேடையில் இருக்கும் பெரியவர்கள் சற்று மிகைப்படுத்திப் பேசினால், எதிரே அமர்ந்திருப்பவர் முகமே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். மெய்யான பாராட்டுக்கு இதனினும் நல்ல உரைகல் இல்லை.

அந்நகரத்துத் தொழில்நுட்ப ஊழியர் ஒருவரின் பணியைக் குறித்து நாம் படித்தறிந்தவை பல. அவர் பெயர் ஆலன் லைட்னர். நகரின் தகவல் தொழில்நுட்ப, தொலைத்தொடர்புத் துறையில் நிலப்படப் பிரிவின் இயக்குநராக இருந்தவர். அவரும் அவரைச் சார்ந்தோரும் ஆக்கிய பொருள் ஒன்றே ஒன்று: ஒரு படம்.

ஒரு மாநகருக்கு நிலப்படம் இல்லாமலா இருந்திருக்கும் என்று வாசகர் கேட்கலாம். ஒன்றல்ல, பல இருந்தன, அதுவே தொல்லை. குடிநீர்த் துறைக்கு ஒரு படம், சாலைத் துறைக்கு ஒன்று, தீயணைப்புத் துறைக்கு மற்றொன்று, வரித் துறைக்கு வேறொன்று என்று ஒவ்வொரு துறையும் தனக்கெனப் படம் வைத்திருந்தது. ஒரு படத்தில் உள்ள தெருவோரம் மற்றொரு படத்தில் சில அடி தள்ளி நிற்கும். குழாய் இங்கே என்று ஒரு தாள் சொல்லும். கட்டடமே இங்கேதான் இருக்கிறது என்று மற்றொரு தாள் மறுக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வழியில்லை.

இதற்குத் தீர்வு, எல்லாத் துறைகளும் ஏற்றுக் கொள்ளத்தக்க ஓர் அடிப்படைப் படம் வரைவதே. நகர் முழுவதையும் விமானத்திலிருந்து ஒளிப்படம் பிடித்து, அவ்வொளிப்படங்களைத் துல்லியமாக அளந்து, ஒவ்வொரு கட்டடத்தின் எல்லைக்கோட்டையும், ஒவ்வொரு நடைபாதையின் விளிம்பையும், பூங்காவையும் நீர்க்கரையையும் கணிப்பொறியில் பதிந்தார்கள். இதன் வேர் குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றைப் பார்க்கின்ற சுற்றுச்சூழல் துறையில் இருந்தது. குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதைச் செம்மையாகக் குறிக்க விரும்பியவர்களே இவ்வேலையைத் தொடங்கினார்கள். லைட்னரும் முதலில் அத்துறையைச் சார்ந்தவரே. நகரின் ஹன்ட்டர் கல்லூரியில் இருந்த நிலப்பட ஆய்வுக்கூடம் இதற்குத் துணை நின்றது. 1990களில் நடந்த இவ்வேலை 2000ஆம் ஆண்டை ஒட்டி ஓர் உருவுக்கு வந்தது.

கண்ணாடித் தாள்களை அடுக்கி வைத்தாற்போன்றது இப்படம். அடியில் நகரின் உருவம் இருக்கும். அதன் மேல் குழாய்களை வரைந்த தாளை வைக்கலாம். சுரங்க இரயில் வழியை வைக்கலாம். மருத்துவமனைகளை, பள்ளிகளை, மின்கம்பிகளை வைக்கலாம். அடித்தாள் ஒன்றே ஆதலின் மேலே வைப்பவை யாவும் தத்தம் இடத்தில் பொருந்தும். சொல்வதற்கு எளிதாயிருக்கிறது. ஆனால், தனித்தனி அரசுகள் போல் இயங்கும் துறைகளை ஒரே தாளை ஏற்கச் செய்வது எளிதன்று. கணிப்பொறியை இணங்கச் செய்வதற்கு ஒரு பங்கு உழைப்பு என்றால், மனிதரை இணங்கச் செய்வதற்கு ஒன்பது பங்கு உழைப்புத் தேவை என்பதை எந்த அலுவலகத்திலும் சிறிது காலம் இருந்தவர் அறிவர். அக்காலத்தில் அவர்களுக்கு மாலை சூட்ட எவரும் வந்திருக்க மாட்டார்கள். வீதியில் போகும் குடிமகனுக்குப் படம் ஒன்றானால் என்ன, ஒன்பதானால் என்ன?

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் வந்தது. உலக வணிக மையத்தின் இரு கோபுரங்களும் காலையிலேயே வீழ்ந்தன. பெருவிபத்துக் காலத்தில் நகரை வழிநடத்துவதற்கென அமைந்திருந்த அவசரகால மேலாண்மை அலுவலகம், அதே வளாகத்தின் ஏழாம் எண் கட்டடத்தில் 23ஆவது மாடியில் இருந்தது. மாலை 5.20 மணி அளவில் அக்கட்டடமும் இடிந்து விழுந்தது. நகரின் இடருக்கு மருந்தாக இருக்க வேண்டிய அலுவலகம் தானே இடருக்குள் அகப்பட்டது. அங்கிருந்த எந்திரங்களும் படங்களும் அத்துடன் அழிந்தன.

ஆனால், அடிப்படைப் படம் அழியவில்லை. அதன் படி ஹன்ட்டர் கல்லூரியில் இருந்தது. சில மணி நேரத்திற்குள்ளாகவே நிலப்பட ஊழியர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். முதலில் காவல்துறைப் பயிற்சிக் கழகத்திலும், சில நாட்களில் ஹட்சன் ஆற்றங்கரையின் 92ஆம் எண் கப்பல் துறையிலும் தற்காலிகக் கூடம் அமைந்தது. அங்கே லைட்னரின் பொறுப்பில் அவசர நிலப்பட மையம் இரவு பகலாக இயங்கியது. நகரின் பல துறைகளிலிருந்தும், தனியார் நிறுவனங்களிலிருந்தும், கல்லூரிகளிலிருந்தும் தொண்டர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களிடம் வந்தவர்கள் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தால் ஒரு படத்தின் மதிப்புப் புலப்படும். எந்தெந்தத் தெருக்கள் அடைக்கப்பட்டுள்ளன? மின்சாரம் எங்கே இல்லை? தண்ணீர் எங்கே வரவில்லை? அக்கம்பக்கத்துக் கட்டடங்களுள் எவற்றில் நுழையலாம், எவற்றில் நுழையக் கூடாது? இடிபாட்டின் அடியில் எரிபொருள் தொட்டிகள் எங்கே உள்ளன? குளிரூட்டும் வாயு அடைத்த கலங்கள் எங்கே? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தாள் வரைந்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான படங்கள் அங்கிருந்து அச்சாகிப் போயின.

விமானத்திலிருந்து லிடார் என்னும் ஒளிக்கதிர்க் கருவியால் இடிபாட்டின் மேடுபள்ளங்களை அளந்தார்கள். வெப்பத்தைக் காட்டும் கருவியால் அடியில் கனன்று கொண்டிருக்கும் நெருப்பு எங்கெங்கே இருக்கிறது என்று கண்டார்கள். அந்நெருப்பு டிசம்பர் மாதம் வரை அணையவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மேலிருந்து எடுத்த அவ்வளவுகளை எல்லாம் அடிப்படைப் படத்தின் மீது பொருத்தியபோதுதான், கீழே நிற்கும் தீயணைப்பு வீரனுக்கு அவை பயன்பட்டன.

அக்கொடிய நாளில் நியூயார்க்கில் உயிரிழந்தோர் 2,753 பேர். அவர்களுள் தீயணைப்புத் துறையினர் மட்டும் 343 பேர். இடிபாட்டைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது கிடைத்தது என்பதைப் பதிந்து வைத்தார்கள். உயிரிழந்தோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் எச்சங்கள் இன்றளவும் அடையாளம் காணப்படவில்லை. அடக்கம் செய்வதற்கு ஓர் எலும்பேனும் கிடைக்காதா என்று ஏங்கும் ஒரு தாய்க்கு, கட்டமிட்ட அத்தாள் வெறும் தாளன்று.

இங்கே நாம் நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாராட்டத்தக்க செயல் எது? செப்டம்பர் 11ஆம் நாளுக்குப் பின் இரவு பகலாக உழைத்ததா, அன்றி அதற்கு முந்திய ஆண்டுகளில் எவரும் பாராத வேளையில் அடித்தாளை வரைந்து வைத்ததா? முன்னதைக் கண்டு உலகம் கைதட்டியது, அது தகும். ஆயினும் பின்னது இல்லாமல் முன்னது இல்லை. வெள்ளம் வந்த பின் மணல்மூட்டை சுமப்பவனை நாம் வீரன் என்கிறோம். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்தியவனை ஒப்பந்தக்காரன் என்கிறோம். அவன் உயர்த்திய கரையால் வெள்ளமே வராமற் போனால் அவனை அடியோடு மறந்து போகிறோம். நேராத துன்பத்திற்கு யார் நன்றி சொல்வார்?

நிலப்படம் வரைந்தவரின் உழைப்பு பிறர் பெயரில் வழங்குவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 12ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் அரசன் இரண்டாம் ரோஜர், அல்-இத்ரீசி என்னும் நிலநூல் அறிஞரைத் தன் அரண்மனைக்கு அழைத்து, அறிந்த உலகம் முழுவதையும் படமாக வரையச் செய்தான். பயணிகளையும் வணிகரையும் வினவி, செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1154இல் அப்பெருநூல் முடிந்தது. உலகப் படத்தை வெள்ளித் தகட்டிலும் பொறித்தார்கள். அரசன் அறிஞரைப் பெருமைப்படுத்தினான், ஐயமில்லை. எனினும் அந்நூல் மக்கள் வழக்கில் 'ரோஜரின் நூல்' என்றே பெயர் பெற்றது. செய்வித்தவன் பெயர் செய்தவன் பெயரை மூடிக்கொள்ளும் இயல்பிற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை. இன்றைக்கும் ஒரு திட்டம் வெற்றி பெற்றால், திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கும். எழுதி முடித்தவர் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

நம் ஊரில் நாமே கண்ட ஒன்றையும் ஈண்டுச் சொல்லிவிட வேண்டும். அது கடலோரச் சிற்றூர். குடிநீர்க் குழாய்ப் பிரிவில் ஒரு பிட்டர் இருந்தார். ஊரார் எல்லாருக்கும் அவர் 'காக்கா'. எந்தத் தெருவின் அடியில் எத்தனை அடி ஆழத்தில் எந்தக் குழாய் போகிறது, எந்த வால்வை எத்தனை சுற்றுச் சுற்றினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அலுவலகத்தில் படம் ஏதும் இருந்ததாக நாம் அறியோம். "காக்கா, எங்கே தோண்டலாம்?" என்று பொறியாளர் கேட்பார். அவர் நாலடி நடந்து, காலை ஊன்றி, "இங்கே" என்பார். அங்கே குழாய் இருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் விழா நடந்தது. நாமும் முன்வரிசையில் இருந்தோம். பேசியவர்கள் ஏழெட்டுப் பேர். 'அயராத உழைப்பு' என்றார்கள். 'தன்னலமற்ற தொண்டு' என்றார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார்கள். அவர் செய்த வேலை இன்னது என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பின் கடைத்தெருவில் குழாய் உடைந்தது. ஆறு இடங்களில் பள்ளம் தோண்டியும் உடைப்புக் கிடைக்கவில்லை. மூன்று நாட்கள் ஊருக்குத் தண்ணீர் இல்லை.

அதன் பின்னர், புதிதாக வேலைக்கு வந்த இளம் பொறியாளர் ஒருவர் வெள்ளைத் தாள் கட்டொன்றைத் தூக்கிக் கொண்டு அப்பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போனார். பல மாலைகள் இருவரும் அமர்ந்து தெருத் தெருவாக வரைந்தார்கள். அவ்வழியே சென்ற நாம் அதைக் கண்டு நின்றோம். பெரியவர் நம்மிடம், "முப்பது வருஷமா இத யாரும் எங்கிட்ட கேட்டதே இல்லையே தம்பி" என்றார். விழா மேடையில் இல்லாத ஒளி அவர் முகத்தில் அப்போது இருந்தது. அந்த வெள்ளைத் தாள்களே அவருக்குச் செய்த மெய்யான பாராட்டு என்பது நம் எண்ணம்.

இனி ஒரு வினா எழும். பலர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவரை மட்டும் பாராட்டுவது முறையா? இதுவும் நியாயமான கேள்வியே. நியூயார்க்கிலேயே நடந்த மற்றொரு பணி இதற்கு விடை தருகிறது. ஒரு குடும்பம் வாழ வேண்டிய வீட்டைத் துண்டு துண்டாகத் தடுத்துப் பலருக்கு வாடகைக்கு விடும் சட்டமீறல் அங்கே மிகுதி. அத்தகைய வீடுகளில் தீப்பிடித்தால் தப்ப வழியிராது. ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 புகார்கள் வந்தன. ஆய்வாளர்களோ சுமார் 200 பேர். மைக் ஃபிளவர்ஸ் என்பவரின் தலைமையில் இருந்த சிறு குழுவினர், வரிப் பாக்கி, பழைய தீவிபத்துகள், கட்டடத்தின் வயது என்று பல துறைகளின் ஏடுகளை ஒன்றிணைத்து, எந்தப் புகாரை முதலில் பார்க்க வேண்டும் என்று கணித்தார்கள். முன்னர் நூறு ஆய்வுகளில் பதின்மூன்றில் மட்டுமே வீட்டைக் காலி செய்விக்கும் அளவுக்கு அபாயம் தென்பட்டது. பின்னர் அது எழுபதைத் தாண்டியது.

இதில் நாம் போற்றுவது ஒரு சிறு நிகழ்ச்சி. அக்குழுவினர் கணிப்பொறியின் முன்னேயே இருந்துவிடவில்லை; ஆய்வாளர்களுடன் தெருவிலும் இறங்கினார்கள். பழுத்த ஆய்வாளர் ஒருவர் ஒரு கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதில் குற்றமில்லை என்றாராம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, வெளிச்சுவரின் செங்கல் புதிதாகப் பூசப்பட்டிருக்கிறது. தன் உடைமையைப் பேணும் உரிமையாளர் இப்படிச் செய்ய மாட்டார் என்பது அவர் கருத்து. உடனே செங்கல் வேலைக்கு அனுமதி பெற்ற ஏடுகளையும் கணிப்பில் சேர்த்தார்கள். கணிப்பு மேலும் செம்மையுற்றது. தலைவரைப் பாராட்டும் மேடையில் அந்தச் செங்கல்லைப் பற்றிச் சொன்னால் ஆய்வாளரையும் பாராட்டியதாகிவிடும். செயலை விரித்துச் சொல்லும் புகழுரையில் செய்தவர் அனைவரும் இடம் பெறுவர். வெறும் புகழ்ச்சொற்களில் ஒருவருக்கே இடம் உண்டு.

லைட்னரின் கதைக்கு ஒரு மிச்சமும் உண்டு. மேலே உள்ள நகரம் படத்தில் அடங்கியது. கீழே உள்ள நகரம் முழுதும் அடங்கவில்லை. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, நீராவி, தொலைபேசி என்று நியூயார்க்கின் தெருவடியில் ஓடுபவை பல. அவற்றுள் சில அரசுக்கு உரியவை. பல தனியாருக்கு உரியவை. தத்தம் படத்தைப் பிறர்க்குக் காட்ட அவரவர் தயங்குகின்றனர். பகைவர் கையில் அகப்பட்டுவிடும் என்னும் அச்சமும் உண்டு. நகரப் பணியை விட்ட பின்னரும் அவர் இந்த நிலத்தடிப் படத்திற்காகவே பேசியும் எழுதியும் வந்தார். ஸ்லோன் விருதை வழங்கும் அதே நகர நிதியத்தில் நிலப்பட மையம் ஒன்றன் வாயிலாக அவ்வேலை தொடர்ந்தது. நம் ஊர்ப் பெரியவரின் தலைக்குள் இருந்ததும், அம்மாநகரம் இன்னும் தேடிக் கொண்டிருப்பதும் ஒன்றே என்று எண்ணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது.

எனவே, பாராட்ட விரும்புவோர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. நகர அலுவலகத்தின் மூலையில் கணிப்பொறியோடு போராடும் ஊழியரைப் பாராட்டப் போகுமுன், அவர் நாற்காலியின் அருகே ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் வருவதற்கு முன் வேலை எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். அவருக்குக் குறிப்புக் கொடுத்த பியூன் யார், ஏடு எடுத்துத் தந்த எழுத்தர் யார் என்று கேட்டு, அப்பெயர்களையும் மேடையில் சொல்லுங்கள். வெளிப்படாமல் தடுத்த துன்பம் ஏதேனும் இருந்தால் அதனை முதலில் சொல்லுங்கள்.

பேச்செல்லாம் முடிந்த பின், அவர் தொடங்கிய வேலைக்கு அடுத்த ஆண்டும் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். வரைந்த படம் ஆண்டுதோறும் திருத்தப்படாவிட்டால் சில காலத்தில் அது பொய்யாகிவிடும். புதிய தெரு அதில் இராது, இடித்த வீடு அதில் நிற்கும். பொன்னாடை மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கும். சுவர்க் கடிகாரம் ஒரு நாள் நின்று போகும். தம் வேலை தமக்குப் பின்னும் நடக்கிறது என்பதைக் கண்ணால் காண்பதினும் பெரிய பரிசை எந்த ஊழியரும் கேட்பதில்லை.